கடவுச்சொல் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு வைஃபை பாதுகாப்பு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள் என்று வாசகர்களுக்குப் புத்தி சொல்லி முடித்திருக்கிறார் கட்டுரையாளர். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் புத்திமதி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

சிறு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் பராமரிப்புச் செய்து கொடுப்பது என் தொழில். ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் சுவரில் ரவுட்டர் பெட்டியை மாட்டுகிறார். வைஃபை கடவுச்சொல்லாக வாடிக்கையாளரின் கைபேசி எண்ணையே பதிகிறார், அதுதான் மறக்காதாம். பெட்டியின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல்லைக் கேட்டால், “அது எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். உள்ளேயே நுழைய முடியாதவர் எதை மாற்றுவது, எதைப் புதுப்பிப்பது?

2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு முடங்கியது. அவர்கள் யாரும் கடவுச்சொல்லை மாற்ற மறந்ததால் நேர்ந்ததல்ல அது. ரவுட்டர்களைத் தொலைவிலிருந்து பராமரிப்பதற்கான 7547 என்ற போர்ட், அதாவது பெட்டிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல், வெளி இணையத்திலிருந்து எவரும் தொடும்படி இருந்தது. இணையக் கருவிகளைத் தொற்றிப் பரவும் மிராய் வகைத் தீநிரல் ஒன்று அதைத் தட்டத் தட்ட, பெட்டிகள் நிலைகுலைந்தன.

இதில் எரிச்சல் தரும் செய்தி ஒன்று உண்டு. ஐஇடிஎஃப் எனப்படும் இணையப் பொறியியல் பணிக்குழு, ஐபிவி6 என்ற புதிய தலைமுறை இணைய முகவரி முறையில் இயங்கும் வீட்டு ரவுட்டர்களின் பாதுகாப்புக்கென்று ஆர்எஃப்சி 6092 என்ற பரிந்துரை ஆவணத்தை 2011 ஜனவரியிலேயே வெளியிட்டிருந்தது. நிர்வாகச் சேவையை வெளிப்புற இணையத்துக்கு இயல்பாகத் திறந்து வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளரே நிர்வகிக்கும் பெட்டிகளுக்குத்தான் அந்த வாசகம். நிறுவனமே சாவியை வைத்துக்கொள்ளும் பெட்டிகள் அதற்குள் வரவில்லை. நம் வீடுகளில் மாட்டப்படுபவை பெரும்பாலும் அந்த இரண்டாம் வகை.

பாதுகாப்பு மட்டுமல்ல, காசும் இதில் போகிறது. மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது தணிக்கையாளர் அலுவலகங்களைப் பாருங்கள். ஜிஎஸ்டி வேலை மும்முரத்தில் ஒருவர் ஸ்கேன் செய்த கோப்புகளை மொத்தமாக மேலேற்றுவார். அடுத்த அறையில் காணொலி அழைப்பில் இருப்பவரின் குரல் துண்டு துண்டாகும். வேகம் போதவில்லை என்று 100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 200க்கு மாறுவார்கள். அப்போதும் பல இடங்களில் குரல் துண்டாகத்தான் செய்கிறது. காரணம், உடனே அனுப்ப முடியாத தரவுப் பொட்டலங்களையெல்லாம் பெட்டி தன் நினைவகத்தில் குவித்துக்கொண்டு, பின்னால் வரும் குரலையும் அந்த நீண்ட வரிசையின் வாலில் நிறுத்துகிறது. எவ்வளவு நினைவகம் இருந்தாலும் அத்தனையையும் நிரப்பிவிடும். நெட்வொர்க் ஆய்வாளர்களான கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், பொட்டலம் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை கொடுக்கும் முறையும் அதனுடன் சேர்ந்து 2018இல் ஆர்எஃப்சி 8290 ஆக வெளிவந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் இது இலவசமாகவே கிடைக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் இயல்பாகவே இயங்குகிறது. நம் சுவரில் தொங்கும் பெட்டியில் இருக்கிறதா? விற்பவருக்கும் தெரியாது, மாட்டுபவருக்கும் தெரியாது.

ஐஇடிஎஃப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதி வெளியிடுவதோடு அதன் வேலை முடிகிறது; கடைப்பிடித்தார்களா என்று பார்க்கும் அதிகாரம் அதற்கில்லை. அதைச் செய்ய வேண்டியவை அரசுகள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல்லுடன் இணையக் கருவிகளை விற்பது சட்டவிரோதம். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் குறைந்தது எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதையும் தயாரிப்பாளர் அறிவித்தாக வேண்டும். நம் தொலைத்தொடர்புத் துறையும் கைகட்டி நிற்கவில்லை. 2022 டிசம்பர் 31க்குப் பிறகு கொடுக்கும் புதிய கம்பிவழி இணைப்புகள் ஐபிவி6 போக்குவரத்தைத் தாங்க வேண்டும் என்று கெடு வைத்தது. ஆனால் தன் பெட்டி எந்தத் தரத்துக்கு உட்பட்டது என்பதை வாடிக்கையாளர் எளிதில் தெரிந்துகொள்ள வழி செய்யவில்லை. குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணிப் பார்க்கப் பழகிய நமக்கு, இரவும் பகலும் ஓடும் இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வரிகூட எழுதித் தருவதில்லை.

இணைப்புப் படிவத்திலேயே சில விவரங்கள் அச்சாகி வர வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, கேட்டால் கிடைக்குமா? வெளியிலிருந்து நிர்வாகம் செய்யும் வழி திறந்திருந்தால் யாருக்கு மட்டும் திறந்திருக்கிறது? பெட்டியில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தவர் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? புதுப்பிப்புகள் எந்தத் தேதி வரை? இந்தத் தேதியை அட்டைப்பெட்டியில் அச்சிட்டு ஒப்பேற்றிவிடக் கூடாது. ஒரு வீட்டில் கழற்றிய பெட்டியைத் துடைத்து அடுத்த வீட்டில் மாட்டுவது இங்கே சாதாரணம் என்பதால், கருவியின் அடியிலேயே அது ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
ஈரோடு.