புராஜெக்ட் மதிப்பெண்ணில் தேடலுக்கும் இடம் வேண்டும்

இளநிலைக் கணினி அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

குன்னூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் வருகிறவர்கள். பைத்தானில் நன்றாகவே புரோகிராம் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு தகவல் எங்கிருந்து வந்தது, அதை நம்பலாமா என்று பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

இந்த வருடம் ஒரு மாணவி, தேயிலையில் வரும் கொப்புள நோயைப் போட்டோவை வைத்தே கண்டுபிடிக்கும் புராஜெக்ட் செய்தார். துல்லியம் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியது. அந்தப் படங்கள் எந்த ஊர்த் தோட்டத்தில், எந்த மாதத்தில் எடுத்தவை, இது இந்த நோய்தான் என்று யார் குறித்தார்கள் என்று கேட்டேன். அந்தப் படத் தொகுப்பை (டேட்டாசெட்டை) இறக்கிய பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. இங்கே அந்த நோய் பரவுவது மழையும் மூட்டமுமான நாட்களில். வெயிலில் எடுத்த படங்களை மட்டும் பார்த்துப் பழகிய மாடல் நம் தோட்டத்தில் என்ன சொல்லும்? அப்புறம் ரெபரன்ஸ் பட்டியலைப் பார்த்தோம். சாட்ஜிபிடி தந்த இரண்டு கட்டுரைகளின் டிஓஐ எண்களை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் உள்ள நிரந்தர அடையாள எண்களை, போட்டுப் பார்த்தோம். ஒன்று திறக்கவே இல்லை. மற்றது சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரைக்குப் போனது. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. குற்றம் அவருடையது அல்ல.

இந்தத் துறையில் எதுவும் சீக்கிரம் பழசாகிவிடும். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் ஹெச்டிடிபி நெறிமுறை பற்றி எழுதும்போது, 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2616-ஐ இன்னும் காட்டுகிறார்கள். ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை வரையறுக்கும் ஆவண வரிசை. அதன் இடத்துக்கு 2014-லேயே வேறு ஆவணங்கள் வந்தன, 2022-இல் அவற்றுக்கும் பதிலாக 9110 முதலானவை வந்துவிட்டன. ஆர்எஃப்சி எடிட்டர் தளத்தில் அதைத் தேடினால் இந்த விவரம் கூடவே இருக்கும். ஒரு முறை காட்டிக் கொடுத்தால் போதும், பிறகு அவர்களே பார்ப்பார்கள்.

பெரிய பதிப்பகத்தின் பெயரும் போதாது. அர்த்தமில்லாத கட்டுரைகளைத் தானாகவே எழுதித் தள்ளும் சைஜென் என்ற புரோகிராமை எம்ஐடி மாணவர்கள் 2005-இல் உருவாக்கினார்கள். அப்படி எழுதப்பட்ட 120-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை 2014-இல் ஸ்பிரிங்கர் பதிப்பகமும் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பும் நீக்க வேண்டி வந்தது.

சரி, என்ன செய்யலாம்? முதலாண்டில் ஒரு மணி நேரம் நூலகத்தைச் சுற்றிக் காட்டுவதால் அலமாரி எங்கே இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். தேவைப்படும் நேரத்தில் படித்தால்தான் மனதில் நிற்கும். அதனால் மூன்றாமாண்டு புராஜெக்டுக்குள்ளேயே இதை வையுங்கள். துறை ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து எடுக்கட்டும். என்ன சொற்களைப் போட்டுத் தேடினார், எதை ஏன் ஒதுக்கினார், டேட்டா யாருடையது என்று மாணவர் இரண்டு பக்கம் எழுதட்டும். வைவாவில் அதிலிருந்து கேளுங்கள். முக்கியமாக, மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் இல்லாத பாடத்துக்கு வகுப்பு நேரமே கிடைக்காது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

செலவு என்று தயங்க வேண்டாம். 2025 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடப்பில் இருக்கிறது. சுமார் 13,000 ஆய்விதழ்கள் அதில் உண்டு. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவில் உள்ளவற்றை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

வகுப்புவாரித் திட்டமும் மதிப்பெண் பகிர்வும் ஒரு வரைவாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன் கேட்டால் அனுப்புகிறேன். கூப்பிட்டால் மலையிறங்கி நேரில் வந்தும் விளக்குகிறேன்.

அன்புடன்,
நீலகிரியிலிருந்து ஒரு கல்லூரி நூலகர்