கவிதாவின் விண்ணப்பம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பணமும் வழிகாட்டலும் தரும் அமெரிக்க நிறுவனமான ஒய் காம்பினேட்டருக்குக் கவிதா விண்ணப்பம் போடுகிறாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். கம்ப்யூட்டர் அல்லாத ஏதாவது ஓர் அமைப்பைச் சாமர்த்தியமாகத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்ட அனுபவத்தைக் கேட்கிறார்களே, அதில்தான் தடுமாறுகிறாளா? என்னைக் கேட்டால், அந்தப் படிவத்தின் உயிரே அந்தக் கேள்விதான்.

வீட்டையும் அறையையும் வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தின் கதையை அவளுக்குச் சொல். 2008-இல் அதைத் தொடங்கியவர்கள் கழுத்துவரை கிரெடிட் கார்டு கடனில் இருந்தார்கள். அது அமெரிக்க அதிபர் தேர்தல் நேரம். கடையில் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் என்ற தானிய உணவை வாங்கி, ஒபாமா பெயரிலும் மெக்கெய்ன் பெயரிலும் அட்டைப்பெட்டி அச்சடித்து, வீட்டிலேயே ஒவ்வொன்றாக மடித்துப் பசை ஒட்டி, பெட்டி 40 டாலருக்கு விற்றார்கள். சுமார் 30,000 டாலர் தேறியது. ஒய் காம்பினேட்டர் நேர்காணலில் அதன் நிறுவனர்களில் ஒருவரான பால் கிரகாமுக்கு அவர்களுடைய தொழில் யோசனை பிடிக்கவில்லை. கிளம்பும்போது அவர்களில் ஒருவரான ஜோ கெபியா ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். கூட்டாளி வேண்டாம் என்று தடுத்தும் பையில் வைத்துக் கொண்டுபோனது அது! அந்தப் பெட்டியின் கதையைக் கேட்ட பிறகுதான் கிரகாமுக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வந்தது. ஒய் காம்பினேட்டர் 2009-இல் சேர்த்த முதல் அணியில் இடமும் கிடைத்தது.

கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸைத் தொடங்கிய ட்ரூ ஹூஸ்டன் 2007-இல் அங்கே போட்ட விண்ணப்பத்தையும் அவள் படிக்கட்டும். காசு வைத்துப் போக்கர் சீட்டாட்டம் ஆடும் புரோகிராம் எழுதியதைச் சொன்னவர், அதில் பெரிதாக லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

சரி, நம் கவிதாவுக்கு என்ன குறை? பிளஸ் டூவில் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பேசி, ராத்திரி மெஷின் சும்மா கிடக்கும் நேரத்தில் பாதி விலைக்குப் போட வைத்தாளே. மூன்று பள்ளிகளின் வினாத்தாள்களைச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து விற்ற அந்தப் புத்தகம் என் பையனிடம் இன்னமும் இருக்கிறது. அட்டை போய்விட்டது, தையல் பிரியவில்லை. அதை எழுதச் சொல். கடைக்காரர் முதலில் என்ன சொன்னார், எத்தனை பிரதி போனது, மிச்சம் எவ்வளவு, எல்லாம் வரட்டும். "தலைமைப் பண்பு" மாதிரி வார்த்தையெல்லாம் வேண்டாம்.

அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல். பொங்கலுக்கு வருகிறேன்.

அன்புடன்,
ரவி