பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழு கூடுச்சு, செயற்குழுவும் வழக்கம்போல கூடுச்சு. சேர்க்கை நேரத்துல புதுசா வந்த பெற்றோருக்கு விண்ணப்பம் நிரப்பிக் குடுத்தோம். விளையாட்டு விழா நல்லபடியா முடிஞ்சது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சின்ன ஊர்ல ஒன்னாம் வகுப்புக்கு முன்னாடி போற அரசு ப்ரீஸ்கூல்னா விரல் விட்டு எண்ணிடலாம், அதுல எது நல்லாருக்குன்னு கேட்டா எல்லாரும் புள்ளையோட நோட்டப் புரட்டி எத்தன பக்கம் எழுதியிருக்குன்னுதான் பாக்குறாங்க. அது போதாதுன்னுதான் வகுப்புல போய் உக்காந்து பாக்குற வேலைய சங்கம் சார்புல ஆரம்பிச்சேன். ஒரு வகுப்புல ஒரே டீச்சர், அத்தன புள்ளைங்களும் கோரஸா எழுத்து சொல்லுதுங்க, பின்னாடி ஒரு பாப்பா ஒன்னுக்குப் போக விரல நீட்டிக்கிட்டே நிக்குது, டீச்சர் கண்ணுக்கு அது தெரியவே இல்ல. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், ஆள் பத்தல. இன்னொரு இடத்துல ஒரு பையன் தண்ணிய ஒரு கப்புலேர்ந்து இன்னொன்னுக்கு ஊத்திட்டிருந்தான், டீச்சர் பக்கத்துல உக்காந்து "எதுல நெறைய இருக்கு?"ன்னு கேட்டுட்டு அவன் யோசிச்சு சொல்ற வரைக்கும் காத்திருந்தாங்க. நான் தேடிப் போனது இதத்தான்.

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல 1962ல ஆரம்பிச்ச பெரி ப்ரீஸ்கூல் ஆய்வுல 123 புள்ளைங்கள 40 வயசு வரைக்கும் தொடர்ந்து பாத்தாங்க. ஐக்யூல, அதாவது அறிவுத்திறன் அளவுல, வந்த முன்னேற்றம் சில வருஷத்துல கரைஞ்சிடுச்சு, ஆனா போகாதவங்களவிட ப்ரீஸ்கூல் போனவங்கள்ல பள்ளிப்படிப்ப முடிச்சவங்களும் அதிகம், அவங்க சம்பாத்தியமும் அதிகம். அதே நாட்டுல டென்னசி மாநில அரசு ப்ரீஸ்கூல்ல சேர்ந்த புள்ளைங்க முதல் வருஷம் முன்னாடி இருந்தாங்க, ஆனா ஆறாம் வகுப்புக்கு வந்தப்ப, அந்த ப்ரீஸ்கூல்ல இடம் கிடைக்காத புள்ளைங்களவிட பரீட்சைல பின்தங்கிட்டாங்கன்னு 2022ல ஆய்வு வந்துச்சு. அதனால ப்ரீஸ்கூல் இருக்குங்கறது மட்டும் போதாது, உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கணும். ஒரு பெரியவருக்கு பத்து புள்ளைக்கு மேல வேணாம், ஒரு வகுப்புல இருபதுக்கு மேல வேணாம்னு அங்க ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, நம்ம மனுவுலயும் அதையே கேட்டிருக்கோம்.

வகுப்புல போய் பாக்குற இந்த வேலைக்கு கூட்டத்துல கைதூக்கினவங்க நெறைய பேரு, கூட வந்தவங்க ரொம்பக் கம்மி. "வேலை இருந்துச்சு"ன்னு சொல்றீங்க, வந்தவங்களுக்கும் வேலை இருந்துச்சுங்க. சந்தா நிலுவையும் அப்படியேதான் கெடக்கு, வாட்ஸ்அப்புல ஞாபகப்படுத்தினா நீல டிக் மட்டும் வருது.

கணக்கு: வரவு செலவு ஏறக்குறைய சரியா இருக்கு, நகல் எடுத்ததும் போக்குவரத்தும்தான் பெரிய செலவு, ரசீதெல்லாம் பொருளாளர்கிட்ட இருக்கு. தலைவர், பொருளாளர், கதவத் திறந்துவிட்ட டீச்சர்கள், ஆயாம்மாக்கள் எல்லாருக்கும் சங்கத்தோட நன்றி.

அடுத்த வருஷம் எல்லா ப்ரீஸ்கூலையும் ரெண்டு பருவத்துலயும் பாக்கணும், ஒருத்தரால முடியாது. புதுசா யாராவது செயலாளர் பொறுப்பு ஏத்துக்கிட்டா முழு மனசோட ஒப்படைக்கிறேன், இல்லன்னா ஒரு ப்ரீஸ்கூலுக்கு ரெண்டு பேரு வீதம் இன்னிக்கே பேர் குடுங்க. பதிவேடு மேசை மேல இருக்கு, சந்தா பாக்கி உள்ளவங்களும் கெளம்புறதுக்கு முன்னாடி பொருளாளரப் பாத்துட்டுப் போங்க.