தண்ணீர் வந்த வழி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்கு வலது கண்ணிலும் புரை முற்றிவிட்டது, தை பிறந்ததும் ஆபரேஷன் என்று எழுதியிருந்தாய். இடது கண் நல்லபடியாக ஆனதே, இதுவும் ஆகிவிடும். அவர்களைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். இங்கே மகள் எம்.எஸ்சி. முடித்துவிட்டு பி.எட். சேரப் போகிறேன் என்கிறாள். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வாத்தியார் வேலைக்குப் போக ஒரு பிள்ளை ஆசைப்படுகிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

கடைசியில் ஒரு எஸ்யூவி பற்றிக் கேட்டிருந்தாய். சன்ரூஃப், அதாவது கூரையில் திறக்கிற கண்ணாடி மூடி வைத்த பழைய வண்டி, திருநெல்வேலியில் விலைக்கு வருகிறது, பார்க்கலாமா என்று. பதில் சொல்வதற்கு முன்னால், அதே மாதிரி சன்ரூஃப் வைத்த எங்கள் வண்டிக்கு நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகுதான் ஆரம்பித்தது. ரோடு காய்ந்து கிடக்கும், வைப்பர் தானாக ஓடும். ராத்திரி வாசலில் நிற்கிற வண்டி டக் டக்கென்று பூட்டிப் பூட்டித் திறக்கும். இடது இண்டிகேட்டர் போட்டால் பின் கதவுக் கண்ணாடி இறங்காது. இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி டவுன். முதலில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். புது பேட்டரியும் அதே மாதிரி இறங்கியது. சர்வீஸ் சென்டரில் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரைப் போட்டுவிட்டு, வண்டி முழுக்க ஓடுகிற வயர்க் கட்டு, அதாவது வயரிங் ஹார்னஸ் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தொகையைப் பார்த்து வீட்டில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். நீ பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். பாலிடெக்னிக் லேபில் மீட்டரைத் தொடுவதற்கு முன் நம்மை சர்க்யூட் வரையச் சொல்வார்களே, அந்த ஒழுங்கு அவரிடம் அப்படியே இருக்கிறது. எதையும் கழற்றவில்லை. வண்டியைப் பூட்டி, அரை மணி நேரம் சும்மா விட்டு, பேட்டரியின் நெகடிவ் பக்கம் மீட்டரைத் தொடராக மாட்டிப் பார்த்தார். வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்த நேரத்துக்குள் தூங்கிவிட வேண்டும். அதன் பிறகு போகிற கரண்ட் 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் சரி. எங்கள் வண்டியில் அரை ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார், ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

யாரோ தூங்காமல் விழித்துக்கொண்டு இருக்கிறார்கள், அது யார் என்றுதான் தேட வேண்டும் என்றார். ஸ்கேனரில் யு0140 என்று ஒரு கோடு, அதாவது பழுதைச் சொல்கிற குறியீட்டு எண். பி.சி.எம். என்கிற பாடி கன்ட்ரோல் மாட்யூலோடு பேச முடியவில்லை என்று மற்ற மாட்யூல்கள், அதாவது மற்ற கம்ப்யூட்டர் பெட்டிகள், சொல்கிற புகார் அது. விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு, கண்ணாடி, ஹாரன், இண்டிகேட்டர், எங்கள் வண்டியில் சாவியை அடையாளம் பார்க்கிற இம்மொபிலைசர்கூட இந்த ஒரு பெட்டியின் பொறுப்பில்தான். கல்யாண வீட்டில் எல்லாப் பொறுப்பையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டால் அவர் காய்ச்சலில் படுத்த அன்றைக்கு என்ன ஆகும், அந்த நிலைமைதான்.

நாம் படித்த காலத்தில் சுவிட்சைப் போட்டால் கரண்ட் நேராக விளக்குக்குப் போகும், நடுவில் அதிகம் போனால் ஒரு ரிலே. இப்போது சுவிட்ச் வெறும் செய்தியைத்தான் அனுப்புகிறது. பெட்டி அதைப் படித்து, சரி என்று தோன்றினால் விளக்கைப் போடுகிறது. பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள முறுக்கிய இரண்டே வயர். கேன் என்று பெயர். பாஷ் கம்பெனி 1986இல் வெளியிட்ட முறை அது. ஒவ்வொரு வேலைக்கும் தனி வயர் இழுத்திருந்தால் இன்றைய வண்டியில் எத்தனை கிலோ செம்பு சேர்ந்திருக்கும்! அந்த விதத்தில் இது அருமையான யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கோடு வந்துவிட்டது, மாட்யூல் போச்சு என்று பாய் உடனே முடிவுகட்டவில்லை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எர்த் சரியில்லாவிட்டாலும் இதே கோடு வருமாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் 6க்கும் 14க்கும் நடுவே ஓம் பார்த்தார். 60 காட்டியது. கேன் லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், இரண்டும் பேரலலில் 60. ஆக, மெயின் லைன் முழுசாக இருக்கிறது. ஹார்னஸ் மொத்தத்தையும் மாற்றச் சொன்ன எஸ்டிமேட்டை அங்கேயே மடித்துப் பையில் வைத்தேன். அடுத்து பேட்டரியைத் திரும்ப மாட்டி, விளக்குகளைப் போட்டு, பெட்டிக்குப் போகிற சப்ளையையும் எர்த்தையும் பார்த்தார். எர்த்தில் 0.1 வோல்ட்கூட இழப்பில்லை.

அப்புறம்தான் டிரைவர் கால் வைக்கிற இடத்தில் வலது ஓர பிளாஸ்டிக்கைக் கழற்றினார். கார்ப்பெட்டின் மேல்பக்கம் காய்ந்துதான் இருந்தது. அடியில் இருக்கிற பஞ்சை அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வழிகிறது. பெட்டியின் கனெக்டரை உருவியதும் பின்களில் பச்சை பூத்திருந்தது, கோயில் செம்புக் குடத்தில் பார்ப்போமே, அதே பச்சை. உள்ளே சர்க்யூட் போர்டில் கரண்ட் ஓடுகிற செம்புக் கோடுகளில் (டிராக்) இரண்டு அரித்தே போய்விட்டது. கழுவிக் காயவைத்தால் சில மாதம் ஓடும், நடு ராத்திரியில் நெடுஞ்சாலையில் ஹெட்லைட் அணைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மாற்றிவிடலாம் என்றேன்.

பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கிற சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பெட்டி பாதி விலைக்கும் கீழே கிடைத்திருக்கும். ஆனால் அதற்குள் வேறொரு வண்டியின் எண்ணும் சாவி விவரமும் பதிந்திருக்கும், எங்கள் வண்டி அதை ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதி கிடையாது. அந்தப் பெட்டியே வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். புதிதாகவே ஆர்டர் போட்டோம்.

பேட்டரி நெகடிவைக் கழற்றிக் கொஞ்ச நேரம் பொறுத்து (ஏர்பேக் இருக்கிற வண்டியில் இதை விடக் கூடாது), பழையதை எடுத்துப் புதியதை மாட்டியது சின்ன வேலை. மதியம் முழுவதும் போனது கோடிங்கில். புதுப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. இது எந்த வண்டி, பின்பக்க வைப்பர் உண்டா, ஃபாக் லைட் உண்டா, சன்ரூஃப் உண்டா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாட்டியவுடன் பின் வைப்பர் அசையவே இல்லை. லேப்டாப்பில் ஒரு வரியை மாற்றியதும் ஒரு தரம் துடைத்துவிட்டு நின்றது. கோடிங் நடுவில் வோல்டேஜ் இறங்கிவிட்டால் பெட்டி பாழாகிவிடும் என்று சார்ஜரை மாட்டியே வைத்திருந்தார். வீட்டில் இருக்கிற சாவி அத்தனையும் வேண்டும், அன்றைக்குப் பதியாத சாவி இனிமேல் ஸ்டார்ட் செய்யாது. பீரோவிலிருந்து இரண்டாவது சாவியை மகள் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. இவ்வளவு தெரிந்த மனிதர் சாவி பதிவதற்கான ரகசிய எண்ணுக்காக வேறொருவரிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் நம் மத்திய அரசு ஒரு இணையதளம் தொடங்கியது, கார்களும் அதில் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இலேயே வண்டிகளுக்கு இதைச் சட்டமாக்கிவிட்டது. நம் ஊரிலும் அது சட்டமாக வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வண்டியை நான் நம்புகிற ஆளிடம் கொடுத்துச் சரிசெய்ய எனக்கு உரிமை இல்லையா?

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதைக் கண்டுபிடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள், புதுப் பெட்டியும் அடுத்த மழைக்குப் போய்விடும் என்றார். சன்ரூஃப் என்றால் சொட்டுத் தண்ணீர் இறங்காத மூடி என்று நினைக்கிறோம். ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் வரும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். மூடியைச் சுற்றித் தண்ணீர் பிடிக்க வாய்க்கால் மாதிரி ஒரு காடி, அதன் மூலைகளிலிருந்து மெல்லிய டியூப். முன்பக்க டியூப்கள் கண்ணாடி ஓரத் தூண்களுக்குள் இறங்கித் தண்ணீரை வெளியே விட்டுவிடும். எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரம். பூவும் சருகும் அந்த டியூபில் களிமண்ணாக இறுகியிருந்தன. ஒரு டம்ளர் தண்ணீரைக் காடியில் ஊற்றினார், சக்கரத்துப் பக்கம் சொட்டவே இல்லை, தூணுக்குள் வழிந்து பெட்டி இருந்த மூலைக்கே வந்தது. புல் வெட்டும் மெஷினுக்குப் போடுகிற நைலான் நரம்பை மெதுவாக விட்டு அடைப்பை எடுத்தார். காற்றடித்தால் டியூப் உள்ளே கழன்றுகொள்ளுமாம். சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டை மொட்டை மாடியில் காயப்போட்டோம். பஞ்சு காய்வதற்குள் பொறுமை போய்விட்டது, நடுவில் மழை வேறு.

இப்போது உன் வண்டிக்கு வா. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மூழ்கினவே, அந்தத் தண்ணீரில் நின்ற வண்டியாக இருக்கலாம். பாலிஷுக்கு மயங்காதே. டிரைவர் பக்கக் கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பஞ்சை அழுத்திப் பார். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து, அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார். சீட் போல்ட்டில் துரு இருந்தால் திரும்பி வந்துவிடு. சன்ரூஃபைத் திறந்து காடியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் சொட்டுகிறது என்று கவனி. விற்கிறவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதிலேயே பதில் இருக்கிறது. இரண்டு சாவியும் கையில் வராமல் பணம் கொடுக்காதே.

இதில் எல்லாம் தேறினால் தாராளமாக வாங்கு. நீயும் தங்கச்சியும் அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போக வர உயரமான வண்டி வசதியாகத்தான் இருக்கும். பார்க்கப் போகிற நாளை முன்கூட்டியே எழுது, பாய் உன்னோடு போனில் பேசத் தயாராக இருக்கிறார். ஆபரேஷன் தேதியையும் மறக்காமல் எழுது. அந்த வாரம் நான் லீவு சொல்லிவிட்டு நாகர்கோவில் வருகிறேன், ஆஸ்பத்திரியில் இரவு தங்க ஒரு ஆள் வேண்டுமே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்