முதல் நாளே வாங்கணுமா, மச்சான்?

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அம்மாவின் கண் ஆபரேஷன் குறுக்கே வந்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். கட்டைப் பிரித்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது என் தலை. "எப்படா இவ்வளவு நரைச்சுது?" என்று கேட்டுவிட்டு, டாக்டரின் கைராசியைப் புகழ்ந்தார். நீ வேலை மாறியது நல்ல முடிவு. பழைய மேனேஜரைத் திட்டி நீ பக்கம் பக்கமாக எழுதுவது இனி வராதே என்பதுதான் எனக்கு ஒரே குறை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கன்சோலை, அதாவது டிவியில் செருகி வீடியோ கேம் விளையாடும் பெட்டியை, வெளியாகும் அன்றே வாங்கிவிடலாமா, முன்பதிவு தொடங்கியதும் பணத்தைக் கட்டிவிடட்டுமா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு பக்கத்தில் "பையனுக்காக" என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அவன் கேட்டதாக ஓர் இடத்தில்கூட இல்லை.

அவன் கேட்கவும் மாட்டான். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது கவனித்தேன். அவன் விளையாடுவது ஃபோர்ட்நைட், மைன்கிராஃப்ட். இரண்டும் போனிலும் ஓடும், உங்கள் வீட்டுப் பழைய பெட்டியிலும் ஓடும். அவன் கூட்டாளிகள் அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஹெட்போனில் அந்த நாலு குரல் கேட்டால் அவனுக்குப் போதும். படம் எவ்வளவு துல்லியம் என்பதெல்லாம் அவன் கவலை இல்லை. பெட்டி வேண்டியது உனக்கு. ஆசைப்படுவதில் என்னடா தப்பு? அதைத் தூக்கிப் பையன் தலையில் வைக்காதே, அவ்வளவுதான்.

அந்த ஆசை எனக்குப் புரியாததா? நாம் இருவரும் காசு போட்டு வெளியான வாரமே வாங்கினோமே ஒரு பெட்டி, நினைவிருக்கிறதா? இரவு எட்டு மணிக்கு அட்டையைப் பிரித்தோம். டிவியில் செருகினால் அப்டேட் இறங்க வேண்டும் என்றது. அந்தக் கோடு ஓர் அங்குலம் நகர்வதற்குள் நீ தரையிலேயே சுருண்டு தூங்கிவிட்டாய். விடியற்காலை நாலு மணிக்கு உன்னை எழுப்பினால், இன்னொரு அப்டேட். ஏழாம் மாதம் டிஸ்க்கைப் படிக்க மறுத்தது. பழுதுபார்க்க அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து வேறொரு பெட்டி வந்தது, நாம் எதுவரை ஆடினோம் என்ற பதிவு (சேவ்) எதுவும் இல்லாமல். உன் அறுபது மணி நேர ஆட்டம் போயே போச்சு. அன்றைக்கு நீ பேசிய பேச்சைக் கடிதத்தில் எழுத முடியாது.

முதல் தவணையில் அடிபட்டவர்கள் நாம் மட்டும் இல்லை. பேர்போன கதை வேறொரு பெட்டியுடையது: 2005 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360. முகப்பில் மூன்று சிவப்பு விளக்கு மின்னினால் பெட்டி செத்தது என்று அர்த்தம். போட்டால் சூடு, அணைத்தால் குளிர்ச்சி. இப்படி மாறி மாறி விரிந்து சுருங்கியதில் உள்ளே சோல்டரிங் இணைப்புகள் முறிந்தன. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. முதல் வாரத்தில் வாங்கியவனுக்கு இடையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் என்ன பதில் இருந்தது, யோசித்துப் பார்.

அதனால்தான் "ஒரு வருஷம் பொறு" என்று பெரியவர்கள் மாதிரி நாமும் சொல்லிக்கொண்டிருந்தோம். பொறுத்தால் கோளாறு தீரும், விலை இறங்கும், கேம் சேரும். இந்த மூன்றில் எது இன்னும் நிற்கிறது என்று இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். (ஆஸ்பத்திரி வராந்தாவில் வேறு என்ன வேலை?)

கோளாறு விஷயம் பாதி நிற்கிறது. 2001-இல் நிண்டெண்டோவின் கைக்கடக்கப் பெட்டியாக வந்த கேம் பாய் அட்வான்ஸ் திரையில் விளக்கே கிடையாது. வாங்கியவர்கள் வெளிச்சத்துக்கு வாகாகச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தார்கள். இரண்டே ஆண்டில் விளக்கோடும் சார்ஜ் ஏற்றும் பேட்டரியோடும் அதன் அடுத்த வடிவமான எஸ்பி வந்தது. நிண்டெண்டோவின் முதல் ஸ்விட்ச் பெட்டி ஒரு சார்ஜில் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் ஓடும் என்றார்கள். 2019-இல் அதே தோற்றத்தில், அதே பெயரில் வந்த திருத்திய பெட்டி நாலரை முதல் ஒன்பது மணி நேரம். பொறுத்தவன் பூமி ஆண்டான்தான். ஆனால் அதே ஸ்விட்சின் ஜாய்-கான் கன்ட்ரோலரில் உள்ள ஸ்டிக் தொடாமலே நகரும் சங்கதியைப் பார். நிண்டெண்டோ தலைவரே 2020-இல் வருத்தம் தெரிவித்தார். காத்திருந்து பிறகு வந்த சின்ன ஸ்விட்சான ஸ்விட்ச் லைட்டை வாங்கியவர்களிடமிருந்தும் அதே புகார்தான். போதாக்குறைக்கு, சில சமயம் முதலில் வந்த பெட்டிதான் முழுப் பெட்டியாக இருக்கும். 2006-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3-இன் உள்ளே பிளேஸ்டேஷன் 2-இன் சிப்பையும் சேர்த்தே வைத்திருந்தார்கள், பழைய டிஸ்க் ஓடுவதற்காக. பிறகு செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டார்கள். பொறுத்தவனுக்குப் பெட்டி மலிவாகக் கிடைத்தது, பழைய டிஸ்க் பரணுக்குப் போனது.

விலை விஷயம்தான் அடியோடு மாறிப்போச்சு. 2011-இல் நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற கைப்பெட்டி வந்த ஐந்தாறு மாதத்தில் விலையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். முதலில் வாங்கியவர்கள் கொதித்துவிடக் கூடாதென்று இருபது பழைய கேமை இலவசமாகக் கொடுத்தார்கள்; நிறுவனத் தலைவர் இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் அவசரக்காரனுக்கு அபராதம் இருந்தது. இப்போது? 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் விலையை 2022 ஆகஸ்டில் பல நாடுகளில் ஏற்றினார்கள், 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் ஏற்றினார்கள். எக்ஸ்பாக்ஸும் அதே ஆண்டு ஏறியது. இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது முதல் ஸ்விட்ச்: எட்டு வயதான பெட்டி, அதற்கும் அமெரிக்காவில் விலை கூடியது. முன்பெல்லாம் சிப் சின்னதாகச் சின்னதாகச் செய்கூலி இறங்கும், அந்த லாபத்தில் நமக்கும் கொஞ்சம் வரும். இன்று சின்னச் சிப் செய்வதே பெரிய செலவு. மேலே வரி வேறு. ஆகவே "விலை இறங்கட்டும், வாங்கலாம்" என்று யாராவது உனக்குச் சொன்னால், அந்தக் காலத்துக் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள். இதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. இருபது வருஷமாக நான் எல்லாரிடமும் அடித்துப் பேசிய கட்சி அது.

"இப்போ விட்டால் கிடைக்காது" என்றும் எழுதியிருக்கிறாய். 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது நடந்தது மனசில் இருக்கிறது போல. சினிமா டிக்கெட்டைப் பிளாக்கில் விற்பது மாதிரி மொத்தமாக அள்ளி ஒன்றுக்கு இரண்டாக விற்றார்கள். ஆனால் ஸ்விட்ச் 2 வெளிவந்த 2025 ஜூனில் நாலே நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. அத்தனை பெட்டியையும் முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம். எல்லாத் தடவையும் பஞ்சம் வராது. பஞ்ச பயத்தில் வாங்கியதை நாம் என்றைக்கு ஒழுங்காக உபயோகித்தோம்?

கடைசியில் மிஞ்சுவது கேம். இதில்தான் நீ மாட்டிக்கொண்டாய், மச்சான். உன் கடிதத்தில் பிராசஸர் வருகிறது, எஸ்எஸ்டி வருகிறது, நொடிக்கு 120 தடவை படம் மாறும் 120 ஹெர்ட்ஸ் வருகிறது (உன் டிவி 60-க்கு மேல் போகாது என்பதை மறந்துவிட்டாய்). ஒரு கேமின் பெயர்கூட வரவில்லை. இரண்டு தடவை படித்துத் தேடினேன்.

நிண்டெண்டோ 64 அமெரிக்காவில் 1996-இல் வந்தபோது கூடவே வந்தவை இரண்டே கேம். ஆனால் அதில் ஒன்று சூப்பர் மேரியோ 64. அன்றைக்கு வாங்கியவன் கெட்டிக்காரன், ஏனென்றால் அப்படி ஒன்றை அவன் அதுவரை எங்கேயும் தொட்டுப் பார்த்திருக்க முடியாது. இப்போது நிலைமை வேறு. பழைய பெட்டி வைத்திருப்பவர்களே கோடிக்கணக்கில் இருக்கும்போது அவர்களை விட்டுவிட்டு எந்தக் கம்பெனி கேம் போடும்? பிளேஸ்டேஷன் 5 வந்து இரண்டு ஆண்டு கழித்து வந்த காட் ஆஃப் வார் ராக்னராக், பிளேஸ்டேஷன் 4-இலும் அன்றே வந்தது. ஸ்விட்ச்சைத் தூக்கி நிறுத்திய செல்டா கேம் 2017-இல் நிண்டெண்டோவின் முந்தைய பெட்டியான வீ யூ வைத்திருந்தவர்களுக்கும் அதே நாளில் கிடைத்தது. வரும் என்று சொன்ன கேமை நம்பி வாங்கினவர்கள் கதையும் இருக்கிறது: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸோடு சேர்ந்து வரவேண்டிய ஹேலோ இன்ஃபினிட் ஓராண்டு தள்ளிப் போய் 2021 டிசம்பரில் வந்தது. பெட்டி வந்தாச்சு, மாப்பிள்ளை வரவில்லை.

ஆகவே என் பதில் இதுதான். முதல் வாரத்தில், ஆபீஸிலிருந்து வந்து சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து விளையாடுவேன் என்று நீ சத்தியம் பண்ணக்கூடிய ஒரு கேமின் பெயரைச் சொல். அது உன்னிடம் இருக்கும் பெட்டியில் ஓடாததாக இருக்க வேண்டும். பெயர் வந்துவிட்டால் முன்பதிவு போடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், விலைக்காகக் காத்திருக்கவும் சொல்ல மாட்டேன். வரவில்லையென்றால், உன் பழைய பெட்டியில் முடிக்காமல் விட்டதை எடுத்து முடி. பெட்டியை வாங்கினால் அட்டை, ரசீது எதையும் தூக்கி எறியாதே, வாரண்டி முடியும்வரை பத்திரமாக வை. ஆட்டப் பதிவை இணையத்தில் ஏற்றிவைக்கும் வசதி இருந்தால் முதல் நாளே போட்டுவிடு. அந்த அறுபது மணி நேரத்துக்கு நான் இன்னொரு தடவை ஆறுதல் சொல்ல முடியாது.

நான் வாங்கப் போவதில்லை. அலமாரியில் உறை பிரிக்காத கேம் பதினொன்று கிடக்கிறது. அதோடு கண்ணாடி பவர் ஏறிவிட்டது; இந்தக் காலத்துக் கேமில் எழுத்தை எறும்பு மாதிரி போடுகிறார்கள், சோபாவிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. அம்மாவுக்குச் செய்த டாக்டரிடமே போகலாம் என்றிருக்கிறேன். திருத்திய பெட்டி வரட்டும், பிறகு பார்க்கலாம்.

ஆனால் நீ வாங்கினால் சனி ஞாயிறு அங்கேதான் இருப்பேன். பழைய கன்ட்ரோலர் அதில் வேலை செய்யுமா என்று மட்டும் பார்த்து எழுது. பிளேஸ்டேஷன் 5-இல் 4-இன் கன்ட்ரோலரைச் சேர்த்தால் பழைய கேமுக்கு மட்டும்தான் ஆகும், புதுக் கேமுக்கு ஆகாது. அப்படியென்றால் இரண்டாவது கன்ட்ரோலருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள். நீ தனியாக வண்டி ஓட்டுவதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க என்னால் ஆகாது. பையனிடமும் கேட்டுப் பார், ஒரு ரேஸ் வருவானா என்று. வந்தால் நம் இரண்டு பேரையும் தோற்கடித்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். உனக்கும் நரைத்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன்,
பழைய பார்ட்னர்