பேட்டைக்குப் போகட்டும் உன் பேரன்

அம்பாசமுத்திரம்,
ஆனி 5

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். சாரல் விழுகிறது, கார் நடவு தொடங்கிவிட்டது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

பேரன் திருநெல்வேலி பேட்டையில் இருக்கும் ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையத்தில், இயந்திரப் பாகங்களைச் செதுக்கிப் பொருத்தும் ஃபிட்டர் தொழில் படிக்கப் பிடிவாதமாக நிற்கிறான், 'வள்ளியூரில் நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. இருபது வருடத்துக்கு முன் என் இளையவனிடம் நானும் அதையேதான் சொன்னேன். அவனுக்கு வெல்டிங் பட்டறையே கதி. நான் வயலை ஒத்திக்கு வைத்து ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்த்தேன். பாதிப் பாடம் அரியரோடு வந்தான். இன்று ஒரு நிதி நிறுவனத்துக்குத் தவணை வசூலிக்கிறான். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

நம் கல்யாணப் பத்திரிகைகளைப் பார். பி.இ., எம்.ஏ. எல்லாம் பெயரோடு அச்சாகும். ஐ.டி.ஐ. படித்தவன் பெயர் மொட்டையாக நிற்கும். நம் அப்பாக்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்குப் பட்டம் என்பது குலத்தொழிலிலிருந்து தப்பிக்கும் வழி. பாளையங்கோட்டைக் கல்லூரிகள் எத்தனையோ வீடுகளைக் கரையேற்றின. ஆனால் 1950இல் தொடங்கிய இந்தத் தொழிற்பயிற்சி குலத்தொழில் அல்லவே. எந்த வீட்டுப் பிள்ளையும் இரும்பைத் தொடலாம், லேத்தில் நிற்கலாம். நாம்தான் அதைப் பழைய கண்ணால் பார்க்கிறோம்.

என் தங்கை மகன் பேட்டையில் படித்தபோது ஒருநாள் போயிருந்தேன். ஓர் இரும்புத் துண்டை வாரக்கணக்கில் அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார் ஆசிரியர். இடையில் ஒரு கீற்று ஒளி தெரிந்தாலும் மறுபடியும் ராவ வேண்டும். அது படிப்பில்லை என்றால் எது படிப்பு?

உன் மாடியில் நின்றால் தெரியும் காற்றாலைகளில் ஏறிப் பழுதுபார்ப்பவர்களில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் உண்டு. மகேந்திரகிரி விண்வெளி மையமும் அவர்களைத் தொழில்நுட்பப் பணிக்கு எடுக்கிறது. மேலே படிக்கவும் தடையில்லை: இரண்டு வருடம் முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் கல்லூரிக்குப் போனாலும் ஐ.டி.ஐ.க்குப் போனாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் அதே 1,000 ரூபாய்தான்.

தொடக்கத்தில் சம்பளம் குறைவு. ஒப்பந்தக்காரரிடம் மாட்டினால் இன்னும் குறைவு. இதையும் பேரனிடம் மறைக்காமல் சொல். சொன்ன பிறகும் அவன் அசையவில்லை என்றால் தடுக்காதே.

வியாழக்கிழமை காலை ரயிலில் நான் பேட்டைக்கு வருகிறேன். அவனைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு அனுப்பு. விண்ணப்பத்தை நானே உடனிருந்து பூர்த்தி செய்கிறேன். நீயும் கூடவே வா. அந்தப் பட்டறையை ஒருமுறை நீ பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்