அஸ்பெஸ்டஸ் தூசும் மீசோதீலியோமாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் சென்ற வாரம் பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளை, முகக்கவசம்கூட இல்லாத தொழிலாளர்கள் கிரைண்டரால் அறுத்தபோது கிளம்பிய வெண்தூசு, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த பாடசாலைச் சீருடைகளிலும் படிந்தது. இத்தூசிலிருந்து மூச்சுடன் உட்செல்லும் அஸ்பெஸ்டஸ் நுண்ணிழைகள் நுரையீரலைச் சூழ்ந்த மென்சவ்வில் தங்கி, 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே மீசோதீலியோமா என்னும் புற்றுநோயாக வெளிப்படக்கூடும் என்பதால், மூச்சிளைப்பும் நெஞ்சுவலியுமாக வைத்தியரிடம் போகிறவருக்கு இளமையில் அறுத்த தகடு நினைவுக்கு வருவதே அரிது. இப்போது கூரைக்குப் பயன்படும் வெள்ளை அஸ்பெஸ்டஸ் தீங்கற்றது என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. உலக சுகாதார நிறுவனமோ எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறது. உடையாத தகட்டைவிட அறுபடும் தகடே ஆபத்தானது. ஆகவே தகடுகளை நீரால் நனைத்து, உடைக்காமல் இறக்குவதை மாநகர சபை கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கொழும்பு 13